இருபத்தொன்பதாம் பக்கம்

1

இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் எங்காவது நீங்களே கண்டுபிடித்து, 'இது கதையா, கடை விளம்பரமா' என்று மூடிவைப்பதைவிட இது நல்லது.

வீட்டிலேயே செய்யும் ட்ரோனுக்கு எந்த ஃப்ளைட் கன்ட்ரோலர் பொருந்தும் என்று, கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்து என் தங்கைக்கு எழுதிக்கொடுத்த அட்டவணை அது. ஃப்ளைட் கன்ட்ரோலர் என்பது ட்ரோனின் நடுவில் உட்காரும் மின்பலகை. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டு, நான்கு மோட்டார்களுக்கும் அதுதான் உத்தரவு போடுகிறது. தங்கை அதை 'போர்டு' என்பாள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

அட்டவணையை வைத்துக் கதையைத் தொடங்கினால் நன்றாக இருக்காது என்று வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"நாணற்காட்டின் மேல் மூடுபனி விலகாத அந்தக் காலையில், தன்னந்தனியாக அவள் —"

(விட்டுவிட்டேன். தங்கை ட்ரோனைப் பறக்கவிட்ட அன்று மூடுபனி இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் தனியாகவும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். குடை அவளுக்கல்ல, ரிமோட்டின் திரைக்கு.)

"ஒரு மனிதர் படகை ஒழுங்காகக் கட்டிவைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்."

(இதையும் விட்டுவிட்டேன். நல்ல வாக்கியம்தான். ஆனால் இது தங்கையின் மாமியாருடைய வாக்கியம். இதில் தொடங்கினால் நான் அந்த அம்மாளின் கட்சி என்று ஆகிவிடும். அந்த வீட்டில் இரண்டு கட்சிகள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டியவன்.)

"எந்த போர்டு போடணும்னு நீயே பாத்துச் சொல்லு அண்ணா. இதையெல்லாம் படிக்கிறவன் நீதானே."

இது போதும். இது நடந்தது. இதற்கு மூடுபனி தேவையில்லை.

2

என் தங்கை கைபேசி பழுது பார்ப்பவள். கடைத்தெருவில் அவள் கடை எட்டடி அகலம். கண்ணாடிக் கவுன்டர், கழுத்து வளையும் ஒரு விளக்கு, அதில் பொருத்திய பூதக்கண்ணாடி, உடைந்த திரைகள் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் வாளி. முடி நுழையாத இடத்தில் சால்டரிங் வைக்கிற கை அவளுக்கு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ('கொஞ்சம்' என்பது அண்ணன் காட்டும் சலுகை.)

நான் எழுத்தாளன் என்று சொன்னால் அது பாதி உண்மை. சோற்றுக்கு நான் எழுதுவது கையேடுகள். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மிக்ஸி எல்லாவற்றின் பெட்டிக்குள்ளும் ஒரு சின்னப் புத்தகம் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். பதினோரு வருடமாக இதே வேலை. இந்தத் தொழிலில் நாங்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். எல்லாக் கையேட்டுக்கும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான்: 'பழுதும் தீர்வும்'. இயங்கவில்லையா, மின் இணைப்பைச் சரிபார்க்கவும். அப்படியும் இயங்கவில்லையா, விற்பனையாளரை அணுகவும். அதை யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவோம். மூலத்தில் அந்தப் பக்கங்களை நாங்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை.*

(* ஒருமுறை மிக்ஸி கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'துணிகளைச் சமமாகப் பரப்பவும்' என்று அச்சாகிவிட்டது. ஒரு புகார்கூட வரவில்லை. அன்றிலிருந்து எனக்குக் குளிர்விட்டுப்போயிற்று.)

என் கதைகளுக்குத் தங்கைதான் முதல் வாசகி. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றும் அவள் கவுன்டருக்குப் போய்வரும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் படிப்பாள். கைபேசிகளின் முதுகில் எண் போடுகிற அதே மார்க்கரால் ஓரத்தில் எழுதுவாள். 'இவன் இவ்வளவு நல்லவனா?' 'அழுகை ஜாஸ்தி.' 'இந்த வயர் இப்படி எரியாது.' பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருக்கும். ஒருநாளும் நான் அதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் கணவருக்கு, அவர் வேலை பார்த்த பாசனத் துறை அலுவலகத்தில் 'ஸ்கேல்' என்று பெயர். எனக்கு மாப்பிள்ளை. ஏரியின் வால்பகுதியில், நாணல் மண்டிக் கிடக்கும் நீர்ப்பரப்பில், ஏழு இடங்களில் அளவுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் துடுப்புப் படகில் போய் ஏழு கம்பத்திலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் குறித்துவருவது அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர். மனைவி பேசுவது இரண்டு பேருக்குப் போதும் என்று நினைத்திருக்கலாம். வீட்டில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால்கூட "முக்காலுக்கு ரெண்டு விரல் கீழ" என்பார். அதுதான் அவர் நகைச்சுவை.

3

ஒருநாள் அவர் திரும்பவில்லை.

படகு ஐந்தாவது கம்பத்தில் கட்டியிருந்தது. ஒழுங்கான முடிச்சு. துடுப்பு உள்ளே இருந்தது. நோட்டில் நான்கு கம்பங்களின் அளவு இருந்தது, ஐந்தாவது இல்லை. துறையின் ஆட்கள் ஒன்பது நாள் தேடினார்கள். படகு போகக்கூடிய வாய்க்கால்களில் மட்டும் தேடினார்கள். நாணலுக்குள் படகு நுழையாது, ஆள் இறங்கினால் சேறு இடுப்பு வரை இழுக்கும். பத்தாவது நாள் மேலதிகாரி தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நானும் கூட இருந்தேன்.

"படகு கட்டியிருக்கும்மா. தவறி விழுந்தவர் படகக் கட்டிட்டா விழுவாரு? அஞ்சாவது கம்பத்துல இருந்து கரை ரோடு பக்கம்தான். நாங்க தப்பா எதுவும் சொல்லல. அவரா எங்கயாவது போயிருக்கலாம்."

"பிரஷ் எங்க?" என்றாள் தங்கை.

"என்னது?"

"படகுல ஒரு நார் பிரஷ் இருக்கும். கம்பத்துல பாசி புடிச்சு நம்பர் தெரியலன்னா, படகக் கட்டிட்டு தண்ணில எறங்கித் தேய்ப்பாரு. அந்த பிரஷ் படகுல இல்ல. ஊர விட்டு ஓடறவர் பிரஷ எதுக்கு எடுத்துட்டு ஓடறாரு?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 'தானாகச் சென்றிருக்கலாம்' என்றே அறிக்கையில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு கடைத்தெருவே பேசியது. ஸ்கேல் எவளோடோ போய்விட்டான். வாயாடியைக் கட்டிக்கொண்டால் எவனும் போவான். கைபேசி சரிபார்க்க வருகிறவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அவளைத் தின்றது தெருவல்ல, வீடு.

"என் பிள்ளை செத்திருக்க மாட்டான்" என்றார் மாமியார். "உன் வாய் தாங்காமத்தான் போயிட்டான். எங்கயோ நல்லா இருக்கான். கோவம் தணிஞ்சா வருவான்."

"இல்ல அத்தை. அவர் அங்கதான் இருக்கார்."

இந்த இடத்தில் பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடூரமான இடம் கிடைக்காது. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரே மனிதனுக்கு இரண்டு முடிவுகள். தாய்க்கு மகன் உயிரோடு வேண்டும், அதற்காக அவன் ஓடுகாலியாக இருந்தாலும் சரி. மனைவிக்கு அவர் தன்னை விட்டுப் போகாதவராக வேண்டும், அதற்காக அவர் செத்திருந்தாலும் சரி. இரண்டு பேரும் ஒரே குக்கரிலிருந்து சோறு போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

4

நாணலுக்குள் படகு போகாது, ஆள் போக முடியாது. மேலிருந்து பார்க்கலாம். இது தங்கையின் யோசனை. கடையில் விற்கும் ட்ரோன்கள் பாதித் தூரத்தில் திரும்பிவிடும், காற்றில் தடுமாறும். அவளே செய்வதாக முடிவெடுத்தாள். ஃப்ரேம், மோட்டார், பேட்டரி, கேமரா எல்லாம் அவளே தேர்ந்தெடுத்தாள். போர்டு மட்டும் என் பொறுப்பு. ஒவ்வொரு போர்டுக்கும் முப்பது நாற்பது பக்கத்துக்குக் கையேடு இருந்தது. கையேடு படிப்பதில் அண்ணன் சூரன் என்று அவள் நம்பினாள்.

கடைத்தெருவின் கோடியில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடையில் மூன்று வகை இருந்தன. அட்டவணையை அப்படியே தருகிறேன், பத்திகள் இல்லாமல்.

முதலாவது, பந்தய போர்டு. அம்பு மாதிரிப் பறக்கும். உயரத்தைத் தானாகப் பிடித்து நிற்காது. கை எடுத்தால் விழும். வேண்டாம்.

இரண்டாவது, பெரியது. சாய்வைப் பார்க்க இரண்டு சென்சார் சில்லுகள், ஒன்று போனால் இன்னொன்று. ஜிபிஎஸ் உண்டு. மெமரி கார்டு போட ஓர் இடம் உண்டு, பறந்த விவரத்தை எல்லாம் அதில் எழுதிவைக்கும். எடை அதிகம். பறக்கும் நேரம் இரண்டு நிமிடம் குறையும்.

மூன்றாவது, சின்னது. ஜிபிஎஸ் உண்டு, உயரம் பிடித்து நிற்கும், நின்ற இடத்தில் நிற்கும். கார்டு இடம் இல்லை. எடை குறைவு.

மூன்றாவதைச் சுற்றி நான் வட்டம் போட்டேன்.

(அந்த வட்டத்தை இப்போதும் நோட்டில் பார்க்கலாம். இரண்டு தடவை சுற்றியிருக்கிறேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.)

தங்கை நோட்டை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள்.

"பெருசுல இந்த கார்டு எதுக்கு அண்ணா?"

"ட்ரோன் விழுந்தா, ஏன் விழுந்துச்சுன்னு பாக்கறதுக்கு. நீ எங்க விழவிடப் போற?"

அவள் சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நான் சொன்னது சரியாகிவிட்டது போல் இருந்தது.

5

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீளமாக எழுதிய படியைக் கிழித்துவிட்டேன். அதில் வானம் தேவைக்குமேல் நீலமாக இருந்தது.)

ட்ரோன் பறந்தது. விழவில்லை. பத்தொன்பது நிமிடம். ஏரிக்கரையில் நின்று அவள் ஓட்டினாள், நான் குடை பிடித்தேன், மாமியார் கரை ரோட்டில் தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். எதற்காக வந்தார் என்று தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காது என்று உறுதி செய்துகொள்ள வந்திருக்கலாம்.

கடைக்கு வந்து கேமராவின் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டோம். நாணல், நாணல், நாணல். ஒரு கொக்கு. மறுபடி நாணல். பதினோராவது நிமிடம் நாற்பத்திரண்டாவது விநாடியில் நாணலுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. நாற்பத்தாறாவது விநாடியில் போய்விட்டது. நான்கு விநாடி.

அவர் தினமும் படகில் போட்டுக்கொண்டு போகும் லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு, குறுக்கே வெள்ளைப் பட்டை.

தங்கை படத்தை நிறுத்தினாள். மாமியார் பூதக்கண்ணாடியை இழுத்துத் திரையின் முன் வைத்துப் பார்த்தார்.

"சாக்கு" என்றார். "ஏதோ உரச் சாக்கு."

"அத்தை, அதுல வெள்ளைப் பட்டை தெரியுது பாருங்க."

"சாக்குலயும் பட்டை இருக்கும். என் பிள்ளை அங்க இல்லம்மா. நீ ஏன் அவனச் சாகடிக்கவே பாக்கற?"

சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதார். தங்கை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். பகை முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இது எந்த இடம்?"

பதினோரு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி என்று கேமராவுக்குத் தெரியும். இடம் அதற்குத் தெரியாது. போர்டுக்கு இடம் தெரியும், ஆனால் பறந்து முடிந்ததும் மறந்துவிடும். மேலிருந்து பார்த்தால் நாணல் முழுக்க ஒரே மாதிரி. கையால் ஓட்டிய ட்ரோன் அந்த நிமிடம் எங்கே இருந்தது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

6

மறுநாள் காலை கடைக்குப் போனேன். "எந்த போர்டுலயும் அதெல்லாம் முடியாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும், மூன்று நாளில் பதினான்கு முறை ட்ரோனைப் பறக்கவிட்டாள். வெயிலில் அவள் மூக்குத் தோல் உரிந்தது. பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு நிறத்தை இரண்டாவது முறை யாரும் பார்க்கவில்லை. நான்காவது நாள் மேல் அணையைத் திறந்தார்கள். தண்ணீர் நாணலுக்குள் ஓர் ஆள் உயரம் ஏறி ஓடியது. அதற்குப் பிறகு ட்ரோன் கடையின் மேல் அலமாரிக்குப் போனது.

'அவள் அலமாரியைப் பார்க்காமலே இருக்கப் பழகினாள். முற்றும்.'

கதையின் முதல் படி இப்படித்தான் முடிந்தது. போன வாரம் அதைத் தங்கையிடம் கொடுத்தேன். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், பிடிக்கவில்லை என்றால் கிழித்துவிடு என்று பெரிய மனதோடு சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். கிழிக்கவில்லை. மாமியார் அழும் இடத்தில் 'சரி' என்று எழுதியிருந்தாள். வயர், பேட்டரி பற்றிய இரண்டு தவறுகளைத் திருத்தியிருந்தாள். 'எந்த போர்டுலயும் முடியாதும்மா' என்ற வரிக்குக் கீழே கோடிட்டு, ஓரத்தில் மார்க்கரால் இப்படி எழுதியிருந்தாள்:

'இந்த அண்ணன் சரியா வரல. எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு. என்னன்னு யோசிச்சு எழுது.'

அவள் அதைப் பாத்திரத்தைப் பற்றி எழுதினாளா, என்னைப் பற்றியா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். கதைகளைத் திருத்தும்போது அவள் எப்போதும் எழுதுவது போலத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

7

ஆகவே, அண்ணன்.

அவன் மறைத்தது இது. 'நாளைக்குப் பாத்துச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பெரிய போர்டின் கையேட்டை எடுத்தான். மொத்தம் முப்பத்திரண்டு பக்கம். இருபத்தாறு வரை அவனுடைய பென்சில் குறிப்புகள் இருந்தன. இருபத்தேழில் 'பழுதும் தீர்வும்' தொடங்குகிறது. பதினோரு வருடப் பழக்கம். அதற்கு முந்தின பக்கத்திலேயே மூடிவைத்திருந்தான்.

இருபத்தொன்பதாம் பக்கத்தில், 'தேடுதல் பணிக்குப் பயன்படுத்துவோர் கவனத்துக்கு' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கார்டில் ஒவ்வொரு விநாடியும் இடமும் நேரமும் பதிவாகும். கேமராப் பதிவின் விநாடியை அதோடு ஒப்பிட்டால், படத்தில் தெரியும் பொருள் எங்கே இருக்கிறது என்று சில அடி பிசகில் சொல்லிவிடலாம். படம் வரைந்தும் காட்டியிருந்தார்கள், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்படி.

(இங்கே 'நான்' என்று எழுத வேண்டும். 'அவன்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாருங்கள், எத்தனை சுலபமாக வருகிறது.)

நான் படித்தேன். மறுநாள் காலை அவளிடம் போய், 'தப்புப் பண்ணிட்டேன்மா, பெரிய போர்ட மாத்தினா கண்டுபிடிச்சிடலாம்' என்று சொல்ல வேண்டும். போர்டை மாற்ற அவளுக்கு அரை நாள் போதும். தண்ணீர் ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் சொன்னது, 'எந்த போர்டுலயும் முடியாது'.

ஏன் அப்படிச் சொன்னான் என்று எழுத ஒரு அழகான காரணம் தயாராக இருக்கிறது. கணவனின் உடலைப் பார்த்து அவள் நொறுங்கக் கூடாது என்ற பாசம். எழுதிப் பார்த்தேன். கதை உடனே உயர்ந்தது. நானும் கூடவே உயர்ந்தேன். அந்தப் பக்கத்தைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அது பொய்.

காரணம் வெட்கம். படிக்கிறவன் நீதானே என்று நம்பிக் கொடுத்தாள், நான் கடைசி ஆறு பக்கத்தைப் படிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவு சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயத்துக்காக அவள் மூன்று நாள் வெயிலில் நின்றாள், அவள் புருஷன் ஓடுகாலியாகவே மிஞ்சினார், அவள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு பேர் முகம் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். என்னை எனக்கே பிடிக்கவில்லை. இதை இலக்கியமாகச் சொல்லத் தெரியவில்லை.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

மாமியாரின் முடிவு: ஒருநாள் மதியம் வாசலில் செருப்புச் சத்தம். தாடி வளர்ந்திருக்கிறது. "முக்காலுக்கு ரெண்டு விரல் கீழ" என்று குடத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த அம்மாள் — (நிறுத்திவிட்டேன். எழுதும்போது எனக்கே ஆசையாக இருந்தது. ஆசையில் எழுதினால் அது யாருக்கும் உதவாது.)

தங்கையின் முடிவு: ஜாக்கெட் கிடைக்கிறது. பக்கத்தில் நார்ப் பிரஷ்ஷும் கிடைக்கிறது. அதிகாரி அறிக்கையைத் திருத்துகிறார். கடைத்தெரு வாயை மூடுகிறது. இரவல் கேட்காத துக்கம் அவளுக்குச் சொந்தமாகிறது. (கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அடித்துவிடுங்கள்.)

மூன்றாவது முடிவு என்னுடையது. ஒன்றும் நடப்பதில்லை. யாரும் கேட்பதில்லை. அண்ணன் அடுத்த கையேட்டை எழுதப் போகிறான். கடைசி அத்தியாயத்தை ஒட்டுகிறான். இதுதான் நடக்கும் என்று இருந்தது, அவள் மார்க்கரை எடுக்கும் வரை.

9

இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாடிக்கையாளர் ஸ்டூலில், நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு. காலை பதினொரு மணி. எதிரே விளக்கின் கீழ் தங்கை படித்துக்கொண்டிருக்கிறாள். எட்டுப் பகுதிகளையும் கையில் கொடுத்துவிட்டேன்.

ஏழாவதுக்கு வந்துவிட்டாள். தாளின் ஓரத்தில் என் டீக் கறை இருக்கிறது, அதனால் தெரிகிறது. வேகமாகப் படிக்கிறவள் இப்போது வரி வரியாகப் போகிறாள். மார்க்கரின் மூடியைத் திறக்கவில்லை. ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். "சாயங்காலம் வாங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

படித்துவிட்டாள். தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிக் கவுன்டரில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும் கிடைத்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"நான் உன்ன என்ன செஞ்சிருப்பேன்? திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

அவள் மேசைமேல் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"சரி. திட்டறத அப்புறம் வச்சுக்கறேன். தண்ணி எறங்கியிருக்கு. நேத்து போய்ப் பாத்துட்டு வந்தேன், அஞ்சாவது கம்பத்துல கீழ் கோடு தெரியுது. மறுபடி அணை தொறக்க இன்னும் பன்னண்டு நாள் இருக்கு. நாணல்ல சிக்கினது ரொம்ப தூரம் போயிருக்காது." எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து ட்ரோனை எடுத்தாள். தூசியை ஊதினாள். "பெரிய போர்டு கடைல இருக்குமா?"

வாசகரே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாவது பகுதியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். ஒன்றை எழுதவில்லை.

பொய் சொன்ன அன்றே, அவள் கடையிலிருந்து இறங்கி நேராகப் பாகங்கள் கடைக்குப் போய், அந்தப் பெரிய போர்டை வாங்கினேன். ஒன்றுதான் இருந்தது. 'புதுசா ஒண்ணு வந்திருக்கும்மா, இத மாத்திப் பாக்கலாம்' என்று தற்செயலாகக் கொடுப்பது போல் கொடுத்துவிடலாம் என்று திட்டம். எப்படி ஆரம்பிப்பது என்று முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினேன். அந்த மூன்று நாளும் ஏரிக்கரையில், அவளுக்குப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டிருந்த என் தோளில் தொங்கிய பைக்குள் அது இருந்தது. நான்காவது நாள் அணையைத் திறந்தார்கள்.

அந்தப் பை இப்போது என் கால்களுக்கு நடுவில் இருக்கிறது. பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

தங்கை கைபேசியை எடுத்துப் பாகங்கள் கடையைக் கூப்பிடுகிறாள். ட்ரோனின் திருகுகளைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்டரில் வைக்கிறாள். கடைக்காரருக்கு ஞாபக சக்தி அதிகம். எடுத்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'அந்தப் பெருசா? ஒண்ணுதான்மா இருந்துச்சு. உங்க அண்ணன் அன்னிக்கே வாங்கிட்டுப் போனாரே. ஏன், உங்ககிட்ட தரலையா?'

மறுமுனையில் மணி அடிக்கிறது.

அவர் எடுப்பதற்குள் பையின் ஜிப்பைத் திறக்க நேரம் இருக்கிறது. அவள் இதை என் வாயால் கேட்பதா, கடைக்காரர் வாயால் கேட்பதா என்பது மட்டும்தான் பாக்கி. எந்த வாய் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் கையில் பேனா இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கை வேறு எதையும் எடுக்க வேண்டியதில்லை என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது மணி. தங்கை முதல் திருகைக் கழற்றிவிட்டாள். பழைய போர்டைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்கிறாள்.

நான்காவது